முளைக்காத பல்

அன்று காலை மழை தூறியதா இல்லையா என்பதில் இன்றுவரை ஒரு முடிவு வரவில்லை. பாண்டிசெல்வி வாசலில் வந்து நின்றபோது சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள் என்பது சுயம்புலிங்கத்தின் ஞாபகம். அதனால் தூறியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். வெயிலுக்குத்தான் போட்டிருந்தாள் என்று அவருடைய உதவியாளர் சிவரஞ்சனி இப்போதும் சொல்கிறாள். ஒரே வாசலை, ஒரே நேரத்தில், இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அந்த வழக்கு முழுவதையுமே இந்த லட்சணத்தில்தான் பார்த்தோமோ என்ற உறுத்தல் இருப்பதால், தன் ஞாபகத்தை நம்பும்படி சுயம்புலிங்கம் யாரையும் வற்புறுத்துவதில்லை.

ஆனால் அவள் கையில் ஒரு பெரிய காக்கி உறை இருந்தது. அதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அதுதான் துப்பறியும் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த குடோன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்வையிட்டு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த சுயம்புலிங்கம், வேலையை விட்ட பிறகு அந்த அறையை வாடகைக்கு எடுத்தார். அவரிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் உண்டு. பேசாமல் இருப்பது. எதிரே உட்கார்ந்திருப்பவன் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதையாவது உளறுவான். பாதி வழக்குகள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

பாண்டிசெல்வியிடம் அந்த ஆயுதம் எடுபடவில்லை. அவள் அவரைவிட நன்றாகப் பேசாமல் இருந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. சிவரஞ்சனி தண்ணீர் கொடுத்தாள். வாங்கி மேசையில் வைத்துவிட்டாள். கீழே கடையில் ஒரு மோட்டார் ஓடி நின்றது. பிறகுதான் வாய் திறந்தாள்.

"அவிய பல்லப் புடுங்கவே இல்லய்யா."

சுயம்புலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏனென்றால், அவள் புருஷன் ஐயாதுரை முந்தைய நாள் மாலையிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணமே, அவன் பல்லைப் பிடுங்கியிருக்கிறான் என்று இவர் சொன்னதுதான்.

நடந்தது இவ்வளவுதான். அகமது கபீரின் பேண்டேஜ் துணி கம்பெனியில், செவ்வாய்க்கிழமை விடியும் நேரத்தில், வெளுப்புத் தொட்டியின் வால்வு திறந்து கிடந்தது. துணியை வெளுத்த மருந்துத் தண்ணீர் அடுத்த தொட்டியை நிரப்பி, வழிந்து, காம்பவுண்டுக்கு வெளியே ஓடைக்குப் போனது. அந்த ஓடையில் தண்ணீர் குடித்த இருளம்மாளின் ஆடுகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. அவளுக்கு அந்த ஆடுகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஊர் திரண்டு கம்பெனி கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. இது யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்றார் கபீர். அவருடைய மகன் முஹம்மது அனஸ் சுயம்புலிங்கத்துக்குப் போன் செய்து, உடனே வந்து யாரென்று கண்டுபிடித்துத் தரும்படி கேட்டுக்கொண்டான். அவனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்.

அங்கே போனதும், வால்வுக்குப் பக்கத்துச் சிமெண்டுப் படியிலிருந்து ஒரு சின்னத் துணிச் சுருட்டை அனஸ்தான் குனிந்து எடுத்து, சுயம்புலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தான். பேண்டேஜ் கம்பெனியில் பேண்டேஜ் துணி கிடைத்ததை ஒரு தடயம் என்று சொன்னால், நாளைக்கு ஓட்டலில் இட்லி கிடைத்ததையும் எழுத வேண்டியிருக்கும் என்றாள் சிவரஞ்சனி. சுயம்புலிங்கம் அதைப் பிரித்துப் பார்த்தார். மடித்து மடித்து ஒரு கட்டை விரல் அகலத்துக்குச் செய்திருந்தார்கள். நடுவே பல் பதிந்த பள்ளம். ஓரத்தில் பழுப்பேறிய ரத்தம். கம்பெனியில் துணியை யாரும் இப்படி மடிக்க மாட்டார்கள். பல் டாக்டர்தான் பல்லைப் பிடுங்கிய பிறகு இப்படி மடித்துக் கடிக்கக் கொடுப்பார்.

அந்த நிமிஷம் தன்னைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அதையும் அவர் மறக்கவில்லை.

வால்வைத் திறந்தவன் புதிதாகப் பல் பிடுங்கியவன். கம்பெனியில் யாருக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது? தேடவே வேண்டியிருக்கவில்லை. வாட்ச்மேன் ஐயாதுரையின் வலது கன்னம் பன் ரொட்டி மாதிரி இருந்தது. முந்தைய நாள் பல் வலிக்கு லீவு கேட்டு, கபீர் கொடுக்க மறுத்து, இரண்டு பேருக்கும் வாய்த் தகராறு வேறு நடந்திருந்தது. சிவரஞ்சனி செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்க, சுயம்புலிங்கம் அவன் வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. எட்டிப் பார்த்தார். இடது பக்கம் கடைசியில் ஒரு பல் இருந்தது. வலது பக்கம் அதே இடம் காலி. சிவந்து, உப்பி, ரத்தம் கசியும் ஈறு மட்டும்.

பிறகு அவன் எதிரே உட்கார்ந்து தன் வழக்கமான மௌனத்தைத் தொடங்கினார். ஐயாதுரை தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினான். செத்த நேரம் கழித்து அதையும் நிறுத்திவிட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. குற்றமுள்ள மனசு என்று சுயம்புலிங்கம் முடிவு கட்டினார். கபீர் புகாரில் கையெழுத்துப் போட்டார்.

அந்த மௌனத்தைத்தான் இப்போது பாண்டிசெல்வி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் உறையிலிருந்து ஒரு நீளமான எக்ஸ்ரே படத்தை உருவினாள். சுயம்புலிங்கம் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு வாய் சிரித்தது. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கபாய் டாக்டரம்மாதான் பார்த்தது என்றாள் பாண்டிசெல்வி. மத்தியானம் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கப்புறம் ஜெயில்தான் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

"வண்டிய எடு ரஞ்சனி," என்றார் சுயம்புலிங்கம்.

அவருடைய பழைய மாருதியை எப்போதும் சிவரஞ்சனிதான் ஓட்டுவாள். யோசித்துக்கொண்டே ஓட்டி அவர் இரண்டு முறை ஒரே எருமை மாட்டின் மேல் மோதியிருக்கிறார். பின் சீட்டில் பாண்டிசெல்வி உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. மேற்கே மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது.

மௌனம் சிவரஞ்சனிக்கு ஆகாது. அண்ணாச்சி இப்படி வாயை மூடிக்கொண்டு வந்தால் இன்னொரு பல் டாக்டரிடமும் சீட்டு எடுக்க வேண்டியிருக்கும் என்றாள். அவர் சிரிக்கவில்லை. இந்த வண்டியில் ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடுகிறது, வண்டிக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் பாக்கி என்றாள். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துவிட்டு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு போன். நேற்று ஐயாதுரையிடம் எந்த டாக்டர் என்று கேட்டு, ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். எரிந்த குடோனைப் பார்க்கப் போனால் மூன்று பேரையாவது விசாரிக்காமல் அறிக்கை எழுதாதவர் அவர். இதில் தன் கண்ணையே பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டார். பின் சீட்டில் இருந்தவள் பெருமூச்சு கூட விடவில்லை. விட்டிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

தங்கபாய் டாக்டரின் கிளினிக் தேரடியிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருந்தது. பால்கோவா வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து அடித்தது. இந்த ஊரில் பல் டாக்டர் பக்கத்திலேயே பால்கோவாக் கடை வைத்தது யாரோ நன்றாக யோசித்துச் செய்த காரியம் என்று சிவரஞ்சனி முணுமுணுத்தாள். காத்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

டாக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். பாண்டிசெல்வியைப் பார்த்ததும், அவருக்கு வீக்கம் வற்றிவிட்டதா, வாய் திறக்கிறாரா என்றுதான் முதலில் கேட்டார். ஸ்டேஷனில் இருக்கிறார் என்று அவள் சொன்னதும் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். சுயம்புலிங்கம் விஷயத்தைச் சொன்னார். வாய்க்குள் தான் பார்த்ததையும், வலது பக்கம் காலியாக இருந்ததையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

டாக்டர் படத்தை வாங்கி, சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில் செருகி சுவிட்சைப் போட்டார்.

"இது என்னன்னு நீங்களே சொல்லுங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் விளங்காதது இங்கே விளங்கியது. மற்றப் பற்கள் எல்லாம் கம்பி நட்டது போல நிமிர்ந்து நின்றன. வலது தாடையின் கோடியில் மட்டும் ஒரு பல், எலும்புக்குள்ளே, குறுக்கே படுத்திருந்தது. இடம் போதாத பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோளில் தலையை முட்டிக்கொண்டு தூங்குகிறவனைப் போல, முன்னால் இருந்த பல்லின் வேரில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தது.

"ஞானப்பல்லு. வெளிய வர இடமில்லாம உள்ளயே படுத்துக்கிட்டு," என்றார் டாக்டர். "மேல ஈறு மூடியிருக்கு. அதுக்கு அடியில சோத்துப் பருக்கை போயி, புண்ணாகி, சீழ் வச்சு, தாடை பூட்டிக்கிட்டு. புடுங்கின இடமும் காலியாத்தான் தெரியும், முளைக்காத இடமும் காலியாத்தான் தெரியும். படம் எடுக்காம எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அந்த அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.  தன் வாழ்நாளில் எத்தனையோ மௌனங்களை அடுத்தவர் மேல் ஏவிவிட்ட சுயம்புலிங்கம், முதல் தடவையாக அது தன் மேல் திரும்பி நிற்பதை உணர்ந்தார்.

டாக்டர் மேலும் சொன்னார். சீழ் கட்டியிருக்கும்போது அந்த மாதிரிப் பல்லில் கை வைக்க மாட்டார். மரத்துப்போக ஊசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது. சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை கொடுத்து, சூடான உப்புத் தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லி, வீக்கம் வற்றியதும் வரச் சொல்வார். அப்புறம் ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லை இரண்டாக உடைத்து எடுத்து, தையல் போடுவார். ஐயாதுரைக்கு இதில் பாதிதான் நடந்திருக்கிறது. ஸ்டேஷனில் உட்கார்ந்து மாத்திரையை விட்டிருந்தால் அந்தப் பாதியும் வீண். மாத்திரை வீட்டில்தான் இருக்கிறது என்றாள் பாண்டிசெல்வி.

அப்படியானால் அந்தத் துணிச் சுருட்டு? சுயம்புலிங்கம் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைப் பார்த்த பார்வையிலேயே, அது தன் மடிப்புதான் என்பது தெரிந்துபோனது. திங்கட்கிழமை யாருக்குப் பல் எடுத்தீர்கள் என்று சுயம்புலிங்கம் கேட்டார்.

"அடுத்தவங்க வாய் சங்கதி என் வாயில வராது."

சுயம்புலிங்கம் தலையசைத்தார். டாக்டரை இன்னும் மதிக்கத் தோன்றியது. பேர் வேண்டாம் என்றார். பல் எடுத்தவர்களுக்குப் பொதுவாக என்ன சொல்லி அனுப்புவீர்கள் என்று மட்டும் கேட்டார். அதைச் சொல்வதில் டாக்டருக்குத் தடை இல்லை. துணியைக் கடித்தபடி வீட்டுக்குப் போக வேண்டும். ராத்திரி ரத்தம் கசிந்தால் கடித்துக்கொள்ளக் கூடுதலாக இரண்டு மடிப்பு கொடுத்து விடுவார். அன்றைக்குத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. ரத்தம் உறைந்தது கலைந்துவிடும். சூடாக எதுவும் ஆகாது. குளிர்ச்சியாகச் சாப்பிடலாம், ஐஸ்கிரீம் ரொம்ப நல்லது. மாத்திரை கொஞ்சம் தூக்கம் வரவைக்கும்.

வெளியே வந்து கார் கதவைத் திறக்கப் போன சிவரஞ்சனி, திறக்காமல் நின்றாள்.

"அண்ணாச்சி. வாட்ச்மேன் ரூம்ல அடுப்பும் உப்புத் தண்ணி டம்ளரும் இருந்துச்சு. வால்வுப் படிக்கு அடியில ஐஸ்கிரீம் கப்பு கிடந்துச்சு, மரக் கரண்டியோட. நாந்தான் காட்டினேன், சின்னப் பிள்ளைக எதுவும் போட்டிருக்கும்னிய. ஒரே வாய்க்குச் சுடுதண்ணியும் ஐஸ்கிரீமுமா? எந்த ஊரு வைத்தியம் இது?"

இரண்டு வாய்கள். பல் இன்னும் உள்ளே இருக்கும் ஒரு வாய் உப்புத் தண்ணீர் கொப்பளித்திருக்கிறது. பல் வெளியே வந்த இன்னொரு வாய் ஐஸ்கிரீம் தின்றிருக்கிறது. தடயம் இரண்டும் அவர் கண் முன்னாலேயே கிடந்தது. அவர்தான் இரண்டையும் ஒரே ஆளின் வாயில் திணித்துவிட்டார்.

சுயம்புலிங்கம் பாண்டிசெல்வியின் பக்கம் திரும்பினார். திங்கட்கிழமை ஐயாதுரை இங்கே எப்படி வந்தான் என்று கேட்டார். அவள் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அவர் ஆயுதமாக மௌனத்தை எடுக்கவில்லை. நீ சொல்லாவிட்டாலும் நான் போய்க் கேட்கத்தான் போகிறேன், உன் வீட்டுக்காரன் வாயைத் திறக்க மாட்டான் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது என்றார்.

"சொல்லக் கூடாதுன்னாவ," என்றாள் அவள். "ஸ்டேஷன்ல என் கையப் புடிச்சுக்கிட்டு, பல்லக் கடிச்சபடியே சொன்னாவ. முதலாளி லீவு குடுக்கலன்னதும் சின்னவருதான் பாவம்னு பைக்ல கூட்டிட்டுப் போனாரு. அவருக்கும் அதே மாதிரிக் கடைசிப் பல்லுதான் வலி. ரெண்டு பேரும் ஒண்ணாப் போனாவ. சின்னவரு பல்லு வந்துட்டு. அவிய பல்லு வரல."

சின்னவர் என்றால் அனஸ்.

திரும்பி வரும் வழியில் சுயம்புலிங்கத்துக்கு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. நேற்றுக் கபீரின் ஆபீசில் எல்லோரும் மாஸ்க்கை இறக்கிவிட்டு டீ குடித்தார்கள். பஞ்சுத் தூசிக்காகக் கம்பெனிக்குள் எல்லோரும் போடுவதுதான். ஆபீசுக்குள் யாரும் போடுவதில்லை. அனஸ் மட்டும் கழற்றவில்லை. அவன் டீ ஆடை படிந்து, ஆறி, ஈ விழும்வரை மேசையிலேயே இருந்தது. தகப்பன் முன்னால் மரியாதைக்காகக் குடிக்காமல் இருக்கிறான், நல்ல பையன் என்று நினைத்தார். நல்ல பையன்தான். அதில் மட்டும் அவர் தவறவில்லை.

ஆனால் ஒரு விஷயம் பிடிபடவில்லை. அந்தத் துணிச் சுருட்டை அவன் ஏன் எடுத்துக் கொடுத்தான்? காலால் தள்ளியிருந்தால் ஓடையோடு போயிருக்கும். இவரை வரச் சொல்லிப் போன் செய்ததும் அவன்தானே? சிவரஞ்சனியிடம் கேட்டார். அவள்  பின் சீட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

பாண்டிசெல்வியை ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டுக் கம்பெனிக்குப் போனார்கள். கபீர் கோர்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. அனஸ் பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். மாஸ்க் போட்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சுயம்புலிங்கம் உட்கார்ந்து, எல்லோருக்கும் டீ சொல்லும்படி கேட்டார். நேரமாகிறதே என்றார் கபீர். செத்த நேரம் என்றார் சுயம்புலிங்கம்.

டீ வந்தது. சுயம்புலிங்கம் தன் கிளாசைத் தொடவில்லை. பேசவும் இல்லை. ஆனால் அது அவருடைய பழைய மௌனம் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் அவர் சும்மா இருந்தார். எதிரே இருப்பவனை உடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உடைந்தவன் ஒருவன் ஏற்கெனவே ஸ்டேஷனில் இருக்கிறான். தறிச் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. டீயில் ஆடை படிந்தது. கபீர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை.

அனஸ் மாஸ்க்கைக் கழற்றினான். இடது கன்னம் வீங்கி, தாடையின் கீழ் மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றியிருந்தது.

"நாந்தான உங்க கையில எடுத்துத் தந்தேன் அண்ணாச்சி," என்றான். தகப்பனைப் பார்க்கவில்லை; வாய் சரியாகத் திறக்காமல் சொல் மெல்ல வந்தது. "அத்தாகிட்ட வாயால சொல்ல எனக்குத் தைரியம் வரல. நீங்க பெரிய ஆளு, பாத்த உடனே கண்டுபிடிச்சுச் சொல்லிருவியன்னுதான் போன் போட்டேன். நீங்க ஐயாதுரை அண்ணனப் போயிப் புடிச்சிய."

அவ்வளவுதான் அவரைப் பார்த்து அவன் சொன்னது. மீதியைச் சொன்னது பெரும்பாலும் தரையைப் பார்த்துத்தான். ராத்திரி வலி தூங்க விடவில்லை. விடியும் முன்பே கம்பெனிக்கு வந்துவிட்டான். எப்படியும் முதல் தொட்டித் தண்ணீரை இரண்டாவது தொட்டிக்கு மாற்ற வேண்டும். அங்கே மருந்தை முறித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். வால்வைத் திறந்துவிட்டு, தொட்டி நிரம்பும்வரை படியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றான். ரத்தம் மறுபடி கசிந்ததால் டாக்டர் கொடுத்த துணி மடிப்பைக் கடித்தான். மாத்திரை வேலை செய்தது. விழித்தபோது ஓடை வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. வால்வை மூடக் கூடத் தோன்றாமல் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போர்த்திப் படுத்துக்கொண்டான். பிறகு ஆடுகளைப் பற்றிச் சொன்னார்கள். ஐயாதுரையைக் கூட்டிக்கொண்டு போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அவன் இவனை நிமிர்ந்து பார்த்தான்; ஒன்றும் சொல்லவில்லை.

கபீர் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்ததாகச் சிவரஞ்சனி பிறகு சொன்னாள். ஆனால் லீவு கொடுக்க மறுத்த வாயும் புகாரில் போட்ட கையெழுத்தும் அவருடையவைதான். மகன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் மனைவி ஹபீபுன்னிசா சொன்னதை, கடைத் தீனி தின்றிருப்பான் என்று தள்ளிவிட்டதும் அவர்தான். அவர் மகனின் தாடையைக் கையால் தொடாமல், பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வலிக்குதாலே?" என்றார்.

அனஸ் அப்போதுதான் அழுதான்.

சுயம்புலிங்கம் அவனிடம் ஏதாவது சொல்ல விரும்பினார். நீ சரியாகத்தான் கொடுத்தாய், வாங்கியவன்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று. அதைச் சொன்னாரா, சொல்ல நினைத்ததோடு சரியா என்பதிலும் இப்போது அவருக்குத் தெளிவில்லை. சொல்லவில்லை என்கிறாள் சிவரஞ்சனி.

கோர்ட்டுக்குப் போகும் போலீஸ் வேன் புறப்படுவதற்குள் நான்கு பேரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அனஸ் முன்னால் போய், தான்தான் என்று சொன்னான். நேற்று ஒரு ஆளைக் காட்டினீர்கள், இன்றைக்கு ஒரு ஆள், நாளைக்கு யாரைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்று சப்-இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கத்தைக் கேட்டார். அவர் பாண்டிசெல்வியிடமிருந்து எக்ஸ்ரே படத்தை வாங்கி மேசையில் வைத்தார்.

ஐயாதுரை வெளியே வந்தான். கன்னம் முந்தைய நாளைவிடப் பெரிதாகியிருந்தது. பாண்டிசெல்வி இதற்குள் வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருந்த மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, அந்த ஒரு விரல் இடைவெளிக்குள் ஊற்றினாள். கார் இருக்கிறது, டாக்டரிடம் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் சுயம்புலிங்கம். ஐயாதுரை அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. அவனால் பேச முடியாது என்பது இந்த முறை அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பேச முடிந்திருந்தாலும் பேசியிருப்பானா என்பது தெரியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு நடந்தவை இவை.

அனஸ் கோர்ட்டில் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதத்தோடு விட்டார்கள். கம்பெனி கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்தது. வால்வுப் பக்கம் இப்போது தனியாக யாரும் போகக் கூடாது. இரண்டு பேர் போக வேண்டும். இருளம்மாளுக்குக் கபீர் ஆடுகள் வாங்கிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் அந்த ஓடைப் பக்கம் மேய்க்க விடுவதில்லை. ஐயாதுரையின் பல்லைத் தங்கபாய் டாக்டர் வீக்கம் வற்றிய பிறகு எடுத்தார். அது இரண்டு துண்டாக வந்தது. கபீர் நேரில் போய்க் கூப்பிட்டும் அவன் கம்பெனிக்குத் திரும்பவில்லை. செண்பகத்தோப்பில் வனத்துறை செக்போஸ்டில் தற்காலிக வேலை பார்க்கிறான். வாய் நன்றாகத் திறக்கிறது என்று கேள்வி. அனஸ் மாதம் ஒருமுறை அங்கே போய் அவனோடு உட்கார்ந்துவிட்டு வருகிறான். பாண்டிசெல்வி அந்தப் படத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். சிவரஞ்சனி பாதியில் விட்ட வக்கீல் படிப்பை முடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகிறாள். ஜோக்குகளைக் குறுக்கு விசாரணையில் பயன்படுத்துகிறாள்.

சுயம்புலிங்கம் அந்த அறையிலேயேதான் இருக்கிறார். அவருக்கும் வலது பக்கம் கீழே, கடைசியில், ஓர் இடம் காலியாக இருக்கிறது. நாக்கால் அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். அங்கே பல் இல்லையா, உள்ளே படுத்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. இதுவரை படம் எடுக்கவில்லை.